ஏழு நாளும் கறி

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ, அத்தான், பெரியவன், சின்னவள் நால்வரும் நலம் என்ற ஒரே ஒரு வரிக்காக இங்கே இரண்டு பேர் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முதலில் ஒரு முக்கியச் செய்தி. நேற்று மாலை, நீண்ட விவாதத்துக்குப் பிறகு, முட்டையை இறைச்சியோடு சேர்ப்பது என்று எங்கள் அலுவலகம் முடிவெடுத்துவிட்டது. பாலோடுதான் சேர்க்க வேண்டும் என்று கடைசிவரை வாதாடிய துணை இயக்குநர் தோல்வியைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். ஆனால் அதன்பிறகு டீ குடிக்க வரவில்லை. முடிவு கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டது. இனி எந்தப் புயல் அடித்தாலும் முட்டை இறைச்சிதான்.

சிரிக்காதே. புயல் அடித்த ஊர்களில் எந்த ஊருக்கு முதலில் அரிசி அனுப்புவது என்பதை எங்கள் விரைவு மதிப்பீட்டுப் பிரிவுதான் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய், கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் தானியம் சாப்பிட்டீர்கள், எத்தனை நாள் பருப்பு, எத்தனை நாள் பால், எத்தனை நாள் இறைச்சி என்று கேட்போம். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. இறைச்சிக்கு அதிகம். கூட்டிப் பார்த்து, மதிப்பெண் குறைந்த ஊருக்கு வரைபடத்தில் சிவப்பு, நடுவில் நிற்கும் ஊருக்கு மஞ்சள், நன்றாகச் சாப்பிடும் ஊருக்குப் பச்சை. சிவப்புக்கு முழுப் பங்கு அரிசி. மஞ்சளுக்கு அரைப் பங்கு. பச்சைக்கு எங்கள் வாழ்த்து. வண்ணம் பூசுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். படித்தவர், ஆனாலும் நாங்கள் பெயிண்டர் என்றுதான் கூப்பிடுகிறோம்.

உங்கள் ஊர்ப் பாலம் போய்விட்டது, செல்போன் டவரும் சாய்ந்துவிட்டது என்று அறிந்தோம். ஆற்றைக் கடக்க எங்கள் குழுவுக்கு இன்னும் படகு கிடைக்கவில்லை. மருந்துப் படகு மட்டும் போய்வருகிறது. அதில் வரும் நர்ஸ்தான் நீங்கள் நால்வரும் உயிரோடு இருப்பதாகச் சொன்னார். அவரிடமே கெஞ்சி இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு வேண்டுகோள். அம்மாவின் ரத்த அழுத்தம் ஏறி நிற்கிறது. கெட்ட செய்தி எதுவும் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். உன் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்க வேண்டும், இரண்டு தரம். படிக்கும்போது அம்மா கேட்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறாள். எனக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதற்கேற்றபடி எழுது.

உன் அன்புத் தம்பி

*

மே 15

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். அம்மாவும் நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

முட்டைக்கு ஒரு வழி பிறந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. அத்தானிடம் சொன்னேன். "கோழியைக் கேட்டாங்களா?" என்றார்.

அம்மாவிடம் சொல்: வீட்டுக்குச் சேதம் அதிகமில்லை. கூரை பாதி இருக்கிறது. பாதி இருப்பதால் வெளிச்சம் நன்றாக வருகிறது. பால் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்தது, ஆனால் தராசு பிழைத்துக்கொண்டது. கேன்களும் பிழைத்துக்கொண்டன, மிதக்கத் தெரிந்த பிள்ளைகள். பால் ஊற்றத்தான் இப்போதைக்கு யாரும் வரவில்லை. எனவே நிலையப் பொறுப்பாளர் என்ற முறையில் எனக்கு ஓய்வு.

சாப்பாட்டுக்குக் குறையே இல்லை. இந்த வாரம் ஏழு நாளும் கறி. காலையிலும் கறி, மாலையிலும் கறி. ஊரே கல்யாண வீடு மாதிரி இருக்கிறது. கடல் தண்ணீர் ஏறி இறங்கியதில் புல் கருகிவிட்டது, வைக்கோலும் அழுகிவிட்டது. ஆகவே ஆடுகளுக்கும் எங்களுக்கும் ஓர் உடன்பாடு. அத்தான் ஏப்பம் விட்டால் ஆட்டுக்குட்டி கத்துவது போலவே இருக்கிறது.

சின்னவள் மட்டும் தொடமாட்டேன் என்கிறாள். நாலு வயசில் அவ்வளவு பிடிவாதம், உன்னைப் போலவே. வெள்ளை ஆட்டுக்கு டீச்சர் என்று பேர் வைத்திருந்தாள் அல்லவா, எந்நேரமும் கத்துகிறது என்று. "டீச்சரை யாராவது சாப்பிடுவாங்களாம்மா?" என்கிறாள். மற்ற ஆடுகளும் டீச்சரின் சொந்தக்காரர்களாம். மருந்துப் படகில் கொடுத்த பிஸ்கட்டை நனைத்துக் கொடுக்கிறேன். சாப்பிடுகிறாள்.

அம்மாவை வேளாவேளைக்கு மாத்திரை போடச் சொல்.

அன்புடன்,
அக்கா

*

மே 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே நலம் என்பதை உன் கையெழுத்திலேயே பார்த்துவிட்டதால் கேட்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்துக் காட்டினேன். ஏப்பம் வரும் இடத்தில் அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அன்றிரவு வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம் சாப்பிட்டாள். "அவ கெட்டிக்காரி, எங்க போட்டாலும் முளைச்சுக்குவா" என்று பக்கத்து வீடுவரை செய்தி போயிருக்கிறது.

அதைவிடப் பெரிய செய்தி: உன் கடிதம் அரசாங்கத்துக்குப் பயன்பட்டுவிட்டது.

அறிக்கையை அச்சுக்கு அனுப்ப வேண்டிய நாள் வந்துவிட்டது. எல்லா ஊருக்கும் விவரம் வந்தாயிற்று, உங்கள் ஊர்க் கட்டம் மட்டும் காலி. காலிக் கட்டத்தோடு அறிக்கை போகக்கூடாது என்பது விதி. பெயிண்டர் தூரிகையைப் பிடித்துக்கொண்டு என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். "சார், வெள்ளையா விட்டா வரைபடத்துல ஓட்டை மாதிரி தெரியும் சார்" என்றார். அப்போது என் சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது. நேரில் போக முடியாத ஊருக்கு, அந்த ஊரில் பொறுப்பான ஒருவர் தரும் தகவலை எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒரு விதி இருக்கிறது. எடுத்துக்கொண்டேன். 'தகவலாளர்: பெண், பால் நிலையப் பொறுப்பாளர். இறைச்சி: ஏழு நாள்.' உறவுமுறைக்குக் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை.

ஒரே ஆள் சொல்வதை அப்படியே நம்புகிறவர்கள் அல்ல நாங்கள். ஹெலிகாப்டரில் போன குழுவிடமும் கேட்டோம். மாலையில் உங்கள் ஊரின் எல்லா வீட்டிலிருந்தும் அடுப்புப் புகை வந்ததாக அவர்களும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் பொருந்திவிட்டன.

புயல் பகுதி முழுவதிலும் உங்கள் ஊருக்குத்தான் முதல் மதிப்பெண், அக்கா. எங்கள் அலுவலகத்தில் அந்த மதிப்பெண் எடுக்கக்கூடியவர் கேண்டீன்காரர் ஒருவர்தான். உங்களுக்கு அடர்பச்சை பூசியிருக்கிறது. இயக்குநர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "ஒரு ஊராவது நல்லாருக்கே" என்றார்.

சின்னவளை ஒரு வாயாவது சாப்பிடச் சொல். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்புடன்,
தம்பி

*

ஜூன் 8

தம்பிக்கு,

சுகம். இதை அம்மாவிடம் படிக்காதே.

நான் அம்மாவுக்கு எழுதினேன். நீ யாருக்குப் படித்துக் காட்டினாய்?

ஆடுகள் செத்துக்கொண்டிருந்தன. நின்ற இடத்திலேயே முன்கால் மடங்கி விழும். விழுந்தால் தின்ன முடியாது, அதனால் விழுவதற்கு முன்னால் அறுத்தோம். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எல்லா வீட்டிலும். உப்புப் போட்டுக் காயவைக்க வெயில் இல்லை. ஒரு வாரம் தின்றோம். அத்தோடு ஆடு முடிந்தது, கோழி முடிந்தது. மாடுகள் அந்த வாரம்கூடத் தாங்காமல் முன்பே செத்துவிட்டன.

புகையைப் பற்றியும் சொல்கிறேன். மாலையானால் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும், பாதி வீட்டில் பானையில் வெறும் தண்ணீர் கொதிக்கும். புகை வராத வீட்டைப் பார்த்தால் இங்கே எல்லோருக்கும் பயம், அடுத்து நம் வீடோ என்று. அதனால் யாரும் முதல் ஆளாக அடுப்பை அணைப்பதில்லை. மேலேயிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்திருக்கும்.

போன வாரம் அரிசிப் படகு வந்தது. எல்லோரும் கரைக்கு ஓடினோம். அது நிற்காமல் அக்கரை மேட்டு ஊர்ப் பக்கம் போயிற்று. அத்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கத்தினார். படகில் இருந்தவன் ஒலிபெருக்கியில் சொன்னான்: "நீங்க பச்சைங்க!"

"பச்சைன்னா?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரி கேட்டாள்.

"பச்சைன்னா நல்லாருக்கீங்கன்னு அர்த்தம்!"

"எவன்டா சொன்னது?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அத்தானிடம்கூட. கதவு தட்டும் சத்தம் கேட்டால் அத்தானைத்தான் திறக்க அனுப்புகிறேன்.

விதைத் தானியம் ஒரு மூட்டை கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. அதற்குமேல் ஒன்றுமில்லை. சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. நர்ஸ் ஒரு பொடி கொடுத்தார். "இது மருந்துதான்க்கா. சாப்பாடு வேற டிபார்ட்மென்ட்" என்றார்.

நீ எழுதியதை நீயே அழி.

அக்கா

*

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்தேன். அம்மாவிடம் 'கடிதம் வரவில்லை' என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துதான் சொன்னேன்.

அழிப்பது நீ நினைப்பது போல எளிதல்ல. அறிக்கை அச்சாகி, அட்டை போட்டு, மேலே போய், பாராட்டுக் கடிதமும் வந்துவிட்டது. பாராட்டுக் கடிதம் வந்த அறிக்கையைத் திருத்துவதற்கு விதியில்லை. இதுவரை தேவைப்பட்டதில்லையாம். புதிய தகவல் கிடைத்தால் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். ஆனால் ஒரே தகவலாளர் ஒரே சுற்றில் இரண்டு விதமாகச் சொன்னால், முதலில் சொன்னதே நிற்கும். பின்னால் சொல்வது அரிசிக்காகச் சொல்வது என்று எடுத்துக்கொள்வார்கள்.

எனவே வேறு யாராவது எழுத வேண்டும். தையல்காரி எழுதலாம், பள்ளிக்கூடத்துக்காரர்கள் எழுதலாம். நீ என் அக்கா என்பது மட்டும் எங்கேயும் வரக்கூடாது. வந்தால் என் கதி என்ன என்று உனக்கே தெரியும். அம்மாவின் மாத்திரை, இந்த வாடகை எல்லாம் இந்த நாற்காலியில்தான் இருக்கின்றன. உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் பயந்துபோயிருக்கிறேன், அவ்வளவுதான்.

விதையைப் பற்றி ஒன்று. விதையைச் சாப்பிட்ட வீடுகளுக்கு வினாத்தாளில் தனிக் கேள்வி உண்டு. 'ஆம்' என்றால் நிலைமை மோசம் என்று கணக்கில் ஏறும். சாப்பிடு என்று சொல்லவில்லை. ஏறும் என்று சொன்னேன்.

சின்னவளுக்குப் பிஸ்கட், பால் பவுடர், கொஞ்சம் பருப்பு கொடுத்தனுப்புகிறேன். இனிமேல் எழுதும்போது இரண்டு தாளாக எழுது, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. தினமும் வாசலில் நிற்கிறாள்.

தம்பி

*

ஜூலை 1

(அம்மாவுக்குப் படிக்க வேண்டிய தாள்)

அன்புள்ள தம்பிக்கு, இங்கே அனைவரும் சுகம். அம்மா சுகமா? கூரை வேலை நடக்கிறது. பெரியவன் கெண்டைக்கால் அளவு வளர்ந்துவிட்டான், அதாவது பேண்ட் அவ்வளவு மேலே ஏறிவிட்டது. சின்னவள் பாட்டியை எப்போது பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நீ அனுப்பியதெல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. பால் பவுடரைப் பார்த்ததும் பால் நிலையத்துக்கே அவமானம் என்று அத்தான் கேலி செய்தார். எல்லோரும் அதைக் குடித்துவிட்டுப் பெரிய மனிதர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம்.

(உனக்கு)

பெட்டி பிரிந்து வந்தது. பிஸ்கட் பாதி இருந்தது. பால் பவுடரும் பருப்பும் இல்லை. நர்ஸைக் குறை சொல்லாதே. படகில் ஆறு பேர் வருகிறார்கள், அவர்களுக்கும் வீடு இருக்கிறது.

விதையைத் தொட வேண்டாம் என்றுதான் பார்த்தோம். முதலில் ஒரு பாத்தியில் தூவினோம். முளைக்கவில்லை. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தால் உப்பு. அதற்கப்புறம் அத்தான் மூட்டையை இழுத்து அடுப்படியில் வைத்தார். உன் கேள்விக்குப் பதில் 'ஆம்' என்று எழுதிக்கொள்.

சின்னவளைப் பால் கேன் நிறுக்கிற தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு காலிக் கேனும் ஒரு மூடியும் வைத்தால் சமமாக வருகிறது. அவளுக்குத் தராசில் உட்காரப் பிடித்திருக்கிறது. "நான் எவ்வளவு லிட்டர்மா?" என்கிறாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மருந்துப் படகில் இடம் கேட்டேன். சிவப்பு ஊர்க் குழந்தைகளுக்குப் போக மிச்சம் இருந்தால் பச்சைக்கு என்றார்கள். மிச்சம் இல்லை.

நேற்றுத் தையல்காரி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்டாள்: "உன் தம்பி ஏதோ சாப்பாட்டுக் கணக்கு எடுக்கிற ஆபீஸ்லதானே இருக்கான்?" ஆமாம் என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அக்கா

*

ஜூலை 14

தம்பிக்கு,

படகு வந்தது. உன் கடிதம் வரவில்லை.

நேற்று என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். தையல்காரி, புயலில் படகெல்லாம் பறிகொடுத்த படகு கட்டுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், இன்னும் ஏழெட்டுப் பேர். அத்தான் எழுந்து என் முன்னால் வந்து நின்றார், எதற்கென்று தெரியாமலே. இனி மறைக்க முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. சொல்லிவிட்டேன். ஏழு நாளும் கறி, கல்யாண வீடு, ஏப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

பெரியவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு தையல்காரி, "அம்மாவுக்குத்தானே எழுதினே?" என்றாள்.

"ஆமா."

"நானும் எங்க அண்ணனுக்கு அப்படித்தான் எழுதியிருக்கேன். வீட்ல தூங்க இடமில்லாத அளவுக்கு அரிசி மூட்டைன்னு எழுதினேன். அவன் ஆபீஸ்ல இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்."

வாத்தியாரும் மகனுக்கு அப்படித்தான் எழுதினாராம். படகு கட்டுகிறவருக்கு எழுதத் தெரியாது, நர்ஸிடம் சொல்லி அனுப்பினாராம், 'பிரமாதம்' என்று. இந்த ஊரிலிருந்து போன கடிதங்களை எல்லாம் சேர்த்தால், அக்கம்பக்கத்து ஊர்களுக்கு நாம் சாப்பாடு அனுப்பலாம் போலிருக்கிறது. அத்தான் சிரித்தார். யாருமே கோபப்படவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வீடும் ஒரு வரி எழுதியிருக்கிறது, எழுதத் தெரியாதவர்களுக்கு வாத்தியார் எழுதினார். யாரும் அம்மாவுக்காக எழுதவில்லை. உள்ளதை எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டு வரியை நான் எழுதவில்லை, என் பேச்சு எடுபடாது என்றாயே. அத்தான் எழுதினார்.

உன் நாற்காலியைப் பற்றி யோசித்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சீக்கிரம்.

அக்கா

*

ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம்.

முன்பு எழுதாததற்கு மன்னித்துவிடு. மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். எதிலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

உங்கள் ஊர்த் தாள் வந்ததும் இயக்குநர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இவங்க உங்க அக்காவா?"

"ஆமா மேடம்."

"அப்ப அந்த ஏழு நாள் இறைச்சி?"

"செத்துக்கிட்டிருந்த ஆடு மேடம்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "ஏன் சாப்பிட்டீங்கன்னு நம்ம வினாத்தாள்ல எங்கேயும் கேக்கலையே" என்றார். பிறகு, "அந்தக் குழந்தை? அதுவும் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வீட்டுக்குத்தான் மதிப்பெண், ஆளுக்கு இல்ல" என்று அவராகவே மெதுவாகச் சொல்லிக்கொண்டார். நல்ல மனுஷி. என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை.

மறு மதிப்பீட்டுக்குக் குழு அனுப்புவதாக முடிவாயிற்று. அதற்குள் துணை இயக்குநர் ஒரு கேள்வி எழுப்பினார்: பச்சை நேராகச் சிவப்பாகலாமா? ஒரு சுற்றில் ஒரு நிறம்தான் நகரலாம் என்று எங்கேயோ இருக்கிறதாம். தேடினார்கள், இருந்தது. அதன் மேல் இரண்டு கூட்டம் நடந்தது. நான் மேசையைத் தட்டிப் பேசினேன், அக்கா. என் வாழ்நாளில் முதல்தடவை. மேசை மேல் இருந்த தண்ணீர் கொட்டியது, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

குழுவோடு நானே வருவதாக இருந்தேன். சொந்தக்காரர் இருக்கிற ஊரை மதிப்பிடக்கூடாது என்று இப்போது என்னை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வருவாள். கவனமானவள். ஆகஸ்ட் நடுவில் படகு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சின்னவளைப் பற்றிப் போன கடிதத்தில் நீ எழுதவே இல்லை. எப்படி இருக்கிறாள்? எத்தனை லிட்டர்?

தம்பி

*

ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம் என்று எழுத வேண்டியது வழக்கம், எழுதிவிட்டேன்.

போன படகில் உன் பதில் இல்லை. நர்ஸைப் படகுத் துறைக்கே போய்ப் பார்த்தேன். என் கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தாராம். நீ வாங்கிக்கொண்டு, "சரி" என்று உள்ளே போய்விட்டாயாம். கதவு சாத்தியிருந்ததாம். வீட்டுப் புகை வந்ததா என்று கேட்டேன். கவனிக்கவில்லை என்றார். வேறென்ன கேட்டாலும் அவர் படகுக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தொல்லை தாங்க முடியவில்லை. நேற்று, உன்னிடமிருந்து வராத ஒரு கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அலுவலகத் தாள் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நன்றாகவே வந்தது. கூரை முடிந்துவிட்டது. பால் நிலையத்தில் மறுபடியும் பால் வருகிறது. சின்னவள் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், அங்கே நிஜ டீச்சரைப் பார்த்து ஒரே சிரிப்பாம். அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாம் தரம் படிக்கச் சொல்லவில்லை.

ஒரு வரி எழுது, அக்கா. ஒரே தாள் போதும்.

தம்பி

*

ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

அம்மா சுகமா?

உங்கள் ஆபீஸ் பெண் வந்தாள். நல்ல பெண். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தாள். தரையில் உட்கார்ந்துதான் கேட்டாள். வினாத்தாளை மழை படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தாள்.

ஏழு நாளில் தானியம் எத்தனை நாள் என்று கேட்டாள். மூன்று என்றேன். பருப்பு இல்லை. பால் இல்லை. முட்டை எதில் வருகிறது என்று எனக்குத் தெரியும் என்றேன், அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவும் இல்லை. விதையைச் சாப்பிட்டீர்களா என்றதற்கு ஆமாம் என்றேன். இந்த முறை 'ஏன்' என்றும் ஒரு கேள்வி இருந்தது. புதிதாகச் சேர்த்தார்களாம். நீ சேர்த்ததாக இருக்கும்.

பிறகு முதல் பக்கத்துக்குப் போனாள். அதை முதலில் கேட்க மறந்துவிட்டாளாம்.

"வீட்ல எத்தனை பேருக்கா?"

"மூணு."

"போன ரவுண்டுல நாலுன்னு இருக்கே."

"அது போன ரவுண்டு."

அடுத்த கட்டத்தில் விரலை வைத்தாள். "அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தைங்க?"

"இல்ல."

எழுதிக்கொண்டாள். நடந்தது ஜூலை கடைசியில், உன் கடிதம் வருவதற்கு முதல் நாள். பால் நிலையத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில்தான் காய்ந்த மண் இருந்தது. தையல்காரி புதிதாக ஒரு கவுன் தைத்துக் கொடுத்தாள், அளவு எடுக்காமலே.

அம்மாவுக்குத் தனித்தாள் வைக்கவில்லை. நீயே எழுதிக்கொள்கிறாய் என்று தெரிகிறது.

எங்கள் ஊர் இப்போது மஞ்சள். நேற்று அரிசிப் படகு வந்து நின்றது. படகில் இருந்த தராசு உடைந்துபோயிருந்ததால், பால் நிலையத்துத் தராசைக் கேட்டு வாங்கி அதில் நிறுத்துக் கொடுத்தார்கள். மூன்று பேருக்கு அரைப் பங்கு. எடை சரியாக இருந்தது.

அக்கா